நெல்லையிலிருந்து சிங்கப்பூர்: திருவனந்தபுரமா, திருச்சியா, சென்னையா?

சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டணத்தைத்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. விமானம் ரத்தாகிவிட்டால் போகிறவர் எந்த ஊரில், யார் துணையோடு, எவ்வளவு நேரம் காத்துக் கிடப்பார்? கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சிங்கப்பூரில் காலூன்றியவர்கள். இன்று பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகக் கிளம்பும் ஆச்சிகள் நிறைய. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வானத்தில் எந்த வழியும் நாலு, நாலரை மணி நேரம்தான். வித்தியாசமெல்லாம் தரையில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், திருச்சி 300க்குச் சற்றுக் குறைவு, சென்னை 600க்கு மேல்.

திருவனந்தபுரம் பக்கம் என்பது வரைபடத்தில் மட்டும் உண்மை. நாகர்கோவில் வரை கார் வழுக்கிக்கொண்டு போகும். அதன்பிறகு தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊருக்கு ஊர் நெரிசல். மாலை நேரத்தில் கிளம்பினால் இந்தக் கடைசிப் பகுதி மட்டுமே முன்பாதிப் பயணத்தைவிட அதிக நேரம் தின்றுவிடும். விமான நிலையத்துக்கே வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், பன்னாட்டு முனையம் ஓடுபாதைக்கு மறுபுறம் சாக்கையில். டிரைவரிடம் வெறுமனே ‘ஏர்போர்ட்’ என்று சொல்லாமல் ‘சாக்கை’ என்று சொல்லி ஏறுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும்போது, விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்திவிடுவார்கள். அந்த நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் பயப்பட வேண்டியதில்லை. தேதியைப் பார்த்துக்கொண்டால் போதும். என் கவலை வேறு: சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் அங்கே குறைவு. ஒன்று தப்பினால் அடுத்தது அன்றைக்கே கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

மதுரையும் கிட்டத்தட்ட அதே தூரம், நான்குவழிச் சாலை, அலுப்பில்லாத பயணம். ஆனால் சிங்கப்பூரைப் பொறுத்தவரை அதற்கும் இதே குறைதான்.

திருச்சிதான் என் தேர்வு. காலை ஆறு மணியை ஒட்டித் திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் வந்தே பாரத் பத்து மணிக்கு முன்பே திருச்சியில் இறக்கிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் ஆட்டோ தூரம். 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் விசாலமானது. பழைய கட்டடத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், சிங்கப்பூர்த் தடத்தில் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பறக்கின்றன. ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று இருக்கிறது. அடுத்த இருக்கையில் தமிழ் பேசுகிறவர் இருப்பார் என்பதையும் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. குடிநுழைவு வரிசையில் நிற்கும் ஆச்சிக்கு அந்தக் குரல் பெரிய துணை.

சென்னைக்குப் போக இரண்டு வழி. ரயிலில் போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால், சுரங்கப்பாதைக்கு அந்தப்புறம் விமான நிலையம். கைப்பெட்டியோடு போகும் இளைஞருக்கு இது அருமையான வழி. இரண்டு பெரிய பெட்டியோடு போகும் முதியவருக்குத் தண்டனை.

இன்னொரு வழி, வாகைக்குளத்திலிருந்து விமானத்தில் சென்னை போய் மாறுவது. தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் நமக்கும் அதுதான் பக்கத்து நிலையம். 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு நேராகப் பறக்கும் நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இப்போதைக்குச் சென்னை போன்ற ஊருக்குப் போய்த்தான் மாற வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சில நூறு ரூபாய் மிச்சமாவது போலத் தோன்றும். ஆனால் உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். சிங்கப்பூர் விமானத்தின் கணக்கை நம்பி 25 கிலோ கட்டிக்கொண்டு போகிறவர், வாகைக்குளத்துத் தராசின் முன்னால் பெட்டியைத் திறந்து முறுக்கையும் மசாலாப் பொடியையும் வெளியே எடுக்க நேரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தப்பினால், தனி டிக்கெட்டுக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை.

சாப்பாடும் பெட்டியும் கட்டணத்திலேயே அடங்கிய முழுச்சேவை விமானம் வேண்டும் என்பவர்களுக்கும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மாறி ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கும் சென்னைதான் சரி. வள்ளியூர், பணகுடி, ராதாபுரம்காரர்கள் திருவனந்தபுரத்தையே பார்க்கலாம். வழியில் ஒரு பகுதி அவர்களுக்கு மிச்சம். மற்றவர்கள், அதிலும் வீட்டு முதியவரைத் தனியாக அனுப்புகிறவர்கள், ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் அனுப்புங்கள். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்; அரசின் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். முழுக் கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள், எடுத்துவிடுவார்கள்.