மெல்லிய காற்றை அளக்க: சக்கர மீட்டரா, சூட்டுக்கம்பி மீட்டரா?

முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நிற்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே எந்த மீட்டரும் காற்றைக் காட்டிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயவைக்கும் அறைக்குள் போனால்தான் சிக்கல். தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே காற்று அசைகிறதா என்றே தெரியாது. அதை அளக்கக் கையடக்க மீட்டர் தேடியபோது இரண்டையும் பார்த்துவிட்டு, சூட்டுக்கம்பியையே வாங்கினேன்.

காற்று சுழற்றும் சின்ன விசிறிதான் சக்கர மீட்டர். விலை குறைவு, கைதவறினாலும் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் பேரிங் உராய்வை மீறித்தான் சக்கரம் சுழல வேண்டும். சாதாரண மாடல்கள் பலவும் நொடிக்கு 0.3, 0.4 மீட்டருக்குக் கீழே அசையாது. திரையில் பூஜ்யம் வரும். காற்றே இல்லை என்று நாமும் நம்பிவிடுவோம்.

சூட்டுக்கம்பி மீட்டரில் அசையும் பாகம் கிடையாது. சூடேற்றிய கம்பியிலிருந்து காற்று எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது என்பதுதான் கணக்கு. இயற்பியலாளர் எல். வி. கிங் 1914இல் காட்டியபடி, காற்று கொண்டுபோகும் வெப்பம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி ஏறும். அதனால் வேகம் குறைந்த இடத்தில்தான் கம்பிக்கு உணர்வு அதிகம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. சூடான கம்பி தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தானே மேலே கிளப்பும். கோலிஸ், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959இல் தந்த அளவுகோல் இது: ரெனால்ட்ஸ் எண் (வீசும் காற்றின் வேகத்தைப் பிசுபிசுப்போடு ஒப்பிடும் எண்) கிராஷாஃப் எண்ணின் (சூட்டால் காற்று மேலெழும் விசையைப் பிசுபிசுப்போடு ஒப்பிடும் எண்) கனமூலத்துக்குக் கீழே இறங்கினால், இந்தச் சொந்தக் காற்று கணக்கைக் குழப்பும். சமன்பாட்டை விரித்துப் பார்த்தால் வேடிக்கை: கம்பியின் விட்டம் இருபுறமும் அடிபட்டுப் போகிறது! எவ்வளவு மெல்லிய கம்பி போட்டாலும் எல்லை நகராது. கம்பி காற்றைவிட 150 டிகிரி கூடுதல் சூடு என்றால் எல்லை நொடிக்கு நாலைந்து சென்டிமீட்டர். அதைப் பாதியாக்க, கூடுதல் சூட்டை எட்டில் ஒரு பங்காக்க வேண்டும். அதனால் 10 சென்டிமீட்டருக்குக் கீழே வரும் எண்ணை, ஏதோ அசைகிறது என்ற அளவுக்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த 'ஏதோ'வைக்கூடச் சக்கரம் சொல்லாது.

விறகுப் புகைக்குள் கம்பியை நெடுநேரம் வைத்துப் பார்த்ததில்லை. கரி படிந்தால் வெப்பம் வெளியேறுவது குறைந்து வேகமும் குறைத்துக் காட்டும் என்பதால், புகை போடும் அறைக்கு இதைத் துணிந்து சிபாரிசு செய்யமாட்டேன். வாங்குவதானால் வெப்பநிலை ஈடுகட்டும் வசதி, அதாவது அறையின் சூட்டுக்கேற்ப அளவைத் திருத்தும் வசதி, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 50 டிகிரி அறையில் வேகம் குறைவாகவே தெரியும்.