ஹோம் சர்வர் பாட்காஸ்ட்கள்: அவர்கள் வீட்டில் கரண்ட் போவதில்லை

வீட்டிலேயே சொந்தமாக சர்வர் ஓட்டுவது பற்றிப் பேசும் செல்ஃப்-ஹோஸ்டட் பாட்காஸ்ட் 2025 மே மாதம் 150-ஆவது எபிசோடோடு நின்றுவிட்டது. அதன் பழைய எபிசோடுகளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் அலுவலக நண்பர் சிரித்தார். அப்புறம் அவரே, "படம், பாட்டு எல்லாத்தையும் வச்சுக்க வீட்ல எப்பவும் ஓடுற ஒரு குட்டி சர்வர் போடலாம்னு இருக்கேன். எதைக் கேட்டா உருப்படுவேன்?" என்றார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. சில வருடங்களாகப் பேருந்திலும், பாத்திரம் கழுவும்போதும் என் காதில் ஓடுவது இந்த மாதிரி நிகழ்ச்சிகள்தான். பிடித்தது நிறைய இருக்கிறது. ஆனால் எரிச்சல் ஒன்று மட்டும் விடாமல் கூடவே வருகிறது. அதைக் கொட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

நடத்துபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து ஆட்கள். அவர்கள் வீட்டில் கரண்ட் போவதில்லை. எப்போதாவது போய்விட்டால் அன்றைக்குப் பேச அதுவே ஒரு தலைப்பு. எங்கள் மதுரைப் பக்கத்தில் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அது போக, கோடையில் ராத்திரி எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம் பார்த்து ஒரு ஃபேஸ் போகும். இப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்து, "கம்பெனிகளில் அலமாரியில் அடுக்கும் பழைய ரேக் சர்வர் ஒன்றை இபே தளத்தில் மலிவாகப் பிடித்துப் போடுங்கள்" என்று உற்சாகமாக யாராவது சொல்வதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

கணக்கு போட்டே பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் ஒரு பழைய ரேக் சர்வர், இரண்டு மாதத்தில் 216 யூனிட் தின்னும். நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதில் முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, அதற்குக் கீழே உள்ள ஸ்லாபின் விலையும் சேர்ந்து மாறும். ஏசியும் மோட்டாரும் ஏற்கெனவே 400-க்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் வீட்டில் இந்த 216 என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேலையைப் பத்து வாட்டில் ஓடும் ஒரு மினி பிசி செய்தால் சுமார் 14 யூனிட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட கையடக்க டெஸ்க்டாப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் சர்வரும் அப்படி வந்ததுதான்.

ஹார்ட் டிஸ்க் விஷயமும் இதே கதை. அமெரிக்காவில் பெஸ்ட் பை கடையில் தள்ளுபடி வரும்போது பெரிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் டிஸ்கை உருவி சர்வரில் போடுவார்கள். இந்த வட்டாரத்தில் அதற்கு ஷக்கிங் என்று பெயர். சில டிஸ்குகள் அப்படிப் போட்டால் எழுந்திருக்காது. பவர் கனெக்டரில் மூன்றாவது பின் மேல் கேப்டன் (Kapton) என்கிற, மின்சாரம் கடத்தாத டேப் ஒரு துண்டு ஒட்டினால் உயிர் வரும். கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளுபடி விலை இங்கே வருவதில்லை, ஓட்டைப் பிளந்தால் வாரண்டியும் கேள்விக்குறி. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் முப்பது விநாடி தள்ளும் பொத்தானைத் தேடுவேன்.

அதே பொத்தானுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செல்ஃப்-ஹோஸ்டட்டை நடத்திய ஜூபிடர் பிராட்காஸ்டிங் குழுவின் நிகழ்ச்சிகளில் நேயர்கள் செய்தியோடு பிட்காயினைச் சில்லறையாக அனுப்புவார்கள், அதற்குப் பூஸ்ட் என்று பெயர். கடைசியில் அதை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அனுப்பியவருக்குச் சந்தோஷம். எனக்குப் பாத்திரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி நியாயத்தையும் பேச வேண்டும். செல்ஃப்-ஹோஸ்டட் 2019-இல் ஆரம்பித்தது. அலெக்ஸ் கிரெட்ஷ்மார், கிறிஸ் ஃபிஷர் என்று இரண்டு பேர். அலெக்ஸ் லினக்ஸ்சர்வர் டாட் ஐஓவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய கண்டெய்னர் என்கிற பொட்டலமாக ஓட்ட உதவுவது டாக்கர். அதைப் பழகிய யாரும் லினக்ஸ்சர்வர் ஆட்களுடைய கண்டெய்னர் ஒன்றையாவது இழுத்திருப்பார்கள். பர்ஃபெக்ட் மீடியா சர்வர் என்கிற வழிகாட்டித் தளமும் அவருடையது. மெர்ஜர்எஃப்எஸ், ஸ்னாப்ரெய்ட் என்கிற இரண்டு மென்பொருள்களை வைத்து வெவ்வேறு அளவு டிஸ்குகளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று அதில் இருக்கிறது. போனஸ் வந்தால் ஒரு டிஸ்க், தீபாவளிக்கு இன்னொன்று என்று வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. நான்கு டிஸ்கை ஒரே நாளில் வாங்கச் சொல்லாத யோசனை எனக்கு முதலில் அங்கேதான் கிடைத்தது.

அந்த நிகழ்ச்சியின் ஸ்பான்சர்களில் ஒன்று டெயில்ஸ்கேல், வெளியிலிருந்து வீட்டு சர்வரோடு பாதுகாப்பாக இணைய உதவும் சேவை. அலெக்ஸ் பின்னால் அந்தக் கம்பெனியிலேயே வேலைக்கும் சேர்ந்தார். அதை அவர் ஒளிக்கவில்லை. ஆனாலும் விளம்பரம் எங்கே முடிகிறது, சிபாரிசு எங்கே தொடங்குகிறது என்று கேட்பவனுக்குக் கொஞ்சம் நெருடும். அந்த நெருடலோடுதான் அதை நிறுவினேன். எனக்கு நெட் தரும் இடத்தில் தனி பப்ளிக் ஐபி கிடையாது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி. வெளியிலிருந்து வீட்டு சர்வருக்குள் நுழைய வழியே இல்லை. ரூட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர வாசல் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பற்றி யார் என்ன சொன்னாலும் இங்கே நடக்காது. டெயில்ஸ்கேல் உள்ளே வயர்கார்ட் என்கிற விபிஎன் நுட்பத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வெளிநோக்கிப் போகும் இணைப்பிலேயே வழி கண்டுபிடிக்கிறது. நேரடியாக முடியாவிட்டால் நடுவில் இருக்கும் தன் ரிலே சர்வர் வழியாக அனுப்புகிறது. பேருந்தில் உட்கார்ந்து வீட்டில் இருக்கும் பாட்டைக் கேட்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த விளம்பரம்தான். சொல்ல வாய் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

கிறிஸ் விஷயம் வேறு. அவர் பல காலம் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியில் வாழ்ந்தவர். அதற்குள்ளேயே ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டுகளை வைத்து, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளும் மற்ற சேவைகளும் ஓட்டினார். மின்சாரத்தை அளந்து செலவு செய்ய வேண்டிய இடம் அது. நெட்டும் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. எதை இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிடலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று அவர் யோசிப்பதைக் கேட்டபோது, அட, இது நம்ம வீட்டு இன்வெர்ட்டர் கணக்குதானே என்று தோன்றியது. அமெரிக்காவில் சொந்த வீட்டில் இருப்பவரின் சர்வரைவிட, அங்கே வண்டியில் இருப்பவரின் சர்வர் மதுரைக்கு நெருக்கமாக இருக்கிறது. நான் எதிர்பார்க்கவே இல்லை.

இன்வெர்ட்டர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யுபிஎஸ், அதைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருள், தானாக ஷட் டவுன் செய்வது என்று இந்த நிகழ்ச்சிகளில் நிறைய கேட்டிருக்கிறேன். ஆனால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச் பற்றி ஒரு எபிசோடிலும் காதில் விழுந்ததில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் ஃபேன் நிற்காமல் சுற்றும், சர்வர் மட்டும் அணைந்து எழும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் குனிந்து பார்த்து, "தம்பி, இது நார்மல்ல இருக்கு. யுபிஎஸ் பக்கம் தள்ளி விட்ருங்க" என்று நகத்தால் தள்ளினார். நார்மலில் வைத்தால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் சட்டென்று மாறிவிடும். அன்றிலிருந்து சர்வர் அசையவில்லை.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் 2.5 அட்மின்ஸ் என்கிற பாட்காஸ்ட். 2020-இல் தொடங்கியது, வாராவாரம் அரை மணி நேரம். பேசுபவர்கள் மூன்று பேர். ஆலன் ஜூட், ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளத்தையும் டிஸ்கில் தரவைப் பத்திரமாக வைக்கும் ஓபன்இசட்எஃப்எஸ்ஸையும் உருவாக்கும் ஆட்களில் ஒருவர். ஜிம் சால்டர், டிஸ்கின் அந்த நேரத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைக்கும் சனாய்டு, அதை இன்னொரு மெஷினுக்கு அனுப்பும் சின்காய்டு இரண்டையும் எழுதியவர். ஜோ ரெசிங்டன்தான் பெயரில் உள்ள .5, அதாவது அந்தப் பாதி ஆள். முதலில் செய்தி, அது சுமார் ரகம். கடைசியில் நேயர் கேள்வி ஒன்றுக்கு இலவச ஆலோசனை என்று ஒரு பகுதி வரும். அதற்காகவே மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

யாராவது டிஸ்க் அடுக்குவது பற்றிக் கேட்டால் ஜிம் ஜோடி ஜோடியாக மிரர் போடு, அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை வை என்பார். பல வருடமாக அவர் கட்சி அதுதான். கெட்டுப்போன டிஸ்கை மாற்றியபின் திரும்ப நிரப்புவது மிரரில் வேகம், விரிவாக்க இரண்டு டிஸ்க் வாங்கினால் போதும் என்பது அவர் வாதம். ஆலன் ஒரு படி கீழே இறங்கி, டிஸ்கில் ஒரு பிளாக் எப்படி எழுதப்படுகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அவர் சொல்லும்போது தலை சுற்றும், ஆனால் பொய் இல்லை என்று தெரியும். நடுவில் ஜோ சாதாரண ஆளாக, அப்படியென்றால் வீட்டில் இருப்பவர் என்னதான் செய்ய வேண்டும் என்கிற இடத்துக்கு இழுத்து வருவார். பளபளப்பு எதுவும் கிடையாது. டிஸ்கில் உள்ளது கெட்டுப்போயிருக்கிறதா என்று முழுக்க வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை மாதம் ஒருமுறை ஓட்டு, பல டிஸ்கைச் சேர்த்து வைக்கும் ரெய்டை பேக்கப் என்று நினைக்காதே, எடுத்த பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார். இதையே நூறு விதமாகச் சொல்கிறார்கள், எனக்குச் சலிக்கவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் பற்றிய லினக்ஸ் அன்பிளக்டு 2013-இலிருந்து வருகிறது, அதிலும் கிறிஸ்தான், கூட வெஸ் பெய்ன், பிரென்ட் ஜெர்வே. செல்ஃப்-ஹோஸ்டட் போன பிறகு எனக்கு அந்த வாசனை கொஞ்சம் இங்கே கிடைக்கிறது. நிக்ஸ்ஓஎஸ் என்கிற லினக்ஸ் வகை மேல் அவர்களுக்கு இருக்கும் மோகம் மட்டும் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிய செக்யூரிட்டி நௌ 2005 ஆகஸ்டில் தொடங்கியது. நடத்துபவர்கள் ஸ்டீவ் கிப்சன், லியோ லபோர்ட். ஆயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டார்கள். ஒரு எபிசோட் இரண்டு மணி நேரம் போகும், அதைக் கேட்கப் பொறுமை போதாது. ஆனால் கிப்சன் தன் தளத்தில் ஒவ்வொரு எபிசோடுக்கும் முழு எழுத்து வடிவம் போட்டு வைத்திருக்கிறார், மெதுவான நெட் உள்ளவர்களுக்கு என்று 16 கேபிபிஎஸ் ஆடியோவும் தனியாக உண்டு. நான் அந்த எழுத்து வடிவத்தைத்தான் வாசிக்கிறேன்.

டார்க்நெட் டைரீஸ் ஹோம் சர்வர் நிகழ்ச்சியே இல்லை. 2017-இலிருந்து ஜாக் ரைசைடர் ஹேக்கிங் கதைகள் சொல்கிறார். ஆனாலும் நாட்பெட்யா என்கிற அழிவு மென்பொருள் பற்றிய எபிசோடைக் கேட்டுவிடுங்கள். 2017-இல் நடந்த அந்தத் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியில், யார் எதற்குள் நுழையலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது, கானாவில். காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அதை வைத்துத்தான் மொத்தத்தையும் மீட்டார்கள். கரண்ட் கட்டுக்கு ஒருநாளாவது மரியாதை கிடைத்ததே.

கேட்பதற்கு நான் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஆப் ஆன்டெனாபாட். இலவசம், திறந்த மூலம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடக்கத்தில் எத்தனை விநாடி, முடிவில் எத்தனை விநாடி தாண்ட வேண்டும் என்று தனித்தனியாக வைக்கலாம். பூஸ்ட் தொல்லை பாதி அதில் தீர்ந்தது. செல்ஃப்-ஹோஸ்டட் நின்றதும் முழுவதையும் இறக்கி வீட்டு சர்வரில் ஓடும் ஆடியோபுக்ஷெல்ஃப் என்கிற மென்பொருளில் வைத்துவிட்டேன். அதில் பாட்காஸ்டின் எபிசோட் பட்டியல் இருக்கும் ஆர்எஸ்எஸ் முகவரியைக் கொடுத்தால் எபிசோடுகள் வரிசையாக வரும், புதிதாக வருபவற்றைத் தானே இறக்கவும் செய்யும். முடிந்துபோன நிகழ்ச்சியின் கோப்புகளை யார் எத்தனை நாள் காசு கொடுத்து இணையத்தில் வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது.

இத்தனையும் வாசித்தவர்கள் நான் 2.5 அட்மின்ஸைத்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். சுத்தமான நிகழ்ச்சி அதுதான், இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வந்தால் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் நண்பரிடம் செல்ஃப்-ஹோஸ்டட்டை முதல் எபிசோடிலிருந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆலனையும் ஜிம்மையும் முதலில் கேட்டவர் பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் இல்லாமல் தொடங்கலாமா, இரண்டாவது பேக்கப் எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து ஒன்றையும் தொடங்க மாட்டார். கிறிஸும் அலெக்ஸும் பேசினால் அன்றைக்கு ராத்திரியே பழைய லேப்டாப்பில் டாக்கர் ஏறிவிடும். டிஸ்கில் வீட்டுப் படங்கள் சேர ஆரம்பித்ததும் 2.5 அட்மின்ஸுக்கு வரட்டும். ஷக்கிங் பேச்சு வந்தால் தள்ளிவிடுங்கள், ஆர்வி பேச்சு வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த நாளே ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடை என்று கேட்டு மெசேஜ் வந்தது.