மடக்கு சைக்கிளுக்குக் கியர் ஹப்பா, டைரக்ட் டிரைவா?

மடக்கு சைக்கிளில் மின்மோட்டார் மாட்ட இரண்டு வகை உண்டு, இரண்டும் சக்கரத்தின் நடுவில் (ஹப்பில்) உட்காரும்: கியர் ஹப்பில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே பற்சக்கரம் இருக்கும், டைரக்ட் டிரைவில் மோட்டாரே நேராகச் சக்கரத்தைச் சுற்றும். முதலில் ஒரு கேள்வி: சைக்கிளை மடக்கித் தூக்கிக்கொண்டு படியேறுவீர்களா? ஆம் என்றால் கியர் ஹப்தான், மேலே படிக்கக்கூட வேண்டாம். அது இரண்டு, மூன்று கிலோவில் முடிந்துவிடும், டைரக்ட் டிரைவ் பெரும்பாலும் அதைப்போல இரண்டு மடங்கு கனம்.

ஆனாலும் சின்னச் சக்கரத்தில் டைரக்ட் டிரைவுக்கு ஒரு சாதகம் உண்டு. 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் என்பதால், 25 கி.மீ. வேகத்துக்கு அது நிமிடத்துக்கு 270 சுற்றுப்போல சுற்றியாக வேண்டும், 26 அங்குலத்துக்கு 200 போதும். வேகமாகச் சுற்றினால்தான் இந்த மோட்டார் சூடாகாமல் ஒழுங்காக இழுக்கும். சத்தமும் இல்லை, தேய்வதற்குப் பல்லும் இல்லை, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜும் திரும்பும் (பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சைக்கிளின் எடைக்கு அது சில்லறைதான்).

கியர் ஹப்புக்குள் மோட்டார் நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றும், நைலான் பற்கள் அதைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும், அதனால்தான் சிக்னலில் நின்று கிளம்பும்போது அந்த ‘ங்ர்ர்’ சத்தம். பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட, சாதா சைக்கிள் போல மிதிக்கலாம். டைரக்ட் டிரைவில் காந்தம் பிடித்து இழுக்கும், எதிர்க்காற்று மாதிரி.

என் ஓட்டு கியர் ஹப்புக்கே. அப்புறம், வாங்கும் முன் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) உள் அகலத்தை அளந்துவிடுங்கள்: வழக்கமான முன் ஹப் 100 மி.மீ., பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிளில் 74தான். அலுமினிய ஃபோர்க் என்றால் டார்க் ஆர்ம் (ஆக்சில் சுழலாமல் ஃபோர்க்கோடு பிடித்து வைக்கும் இரும்புத் துண்டு) இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள், ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) சுழன்று ஒயரை அறுத்துவிடும்.