மூட்டம் கலைந்த ஊர்: ஜிடிஏ ட்ரைலஜி டெஃபினிட்டிவ் எடிஷன் விமர்சனம்

2021 நவம்பர் 11 அன்று வெளியான 'ஜிடிஏ ட்ரைலஜி: டெஃபினிட்டிவ் எடிஷன்' தொகுப்பை இத்தனை காலம் கழித்து விமர்சிப்பதற்குக் காரணம் உண்டு. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' (ஜிடிஏ) தொடரின் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஆகிய மூன்று பழைய கேம்களையும் அன்ரியல் எஞ்சின் என்ற கேம் மென்பொருளில் ஏற்றித் தந்த இந்தத் தொகுப்பு, வெளியான சில நாட்களிலேயே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இந்தக் கேம்களை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனமே பொதுவெளியில் வருத்தம் தெரிவித்து, விற்பனையிலிருந்து எடுத்திருந்த பழைய கணினி வடிவங்களை மீண்டும் தன் கடையில் வைப்பதாக அறிவித்தது. அதன்பிறகு பல திருத்தங்கள் வந்தன. 2024 நவம்பரில், 'கிளாசிக் லைட்டிங்' என்ற பெயரில் பழைய ஒளியமைப்பைத் திருப்பித் தந்த பெரிய அப்டேட்டும் வந்துவிட்டது. பிழைகளைப் பற்றிய கூச்சல் அடங்கிய இந்த நேரத்தில்தான், பிழைகள் நீங்கியும் அந்தப் பழைய ஊர்களின் களை ஏன் முழுதாகத் திரும்பவில்லை என்பதை நிதானமாகப் பார்க்க முடிகிறது.

கடலூரில் என் வயதை ஒத்தவர்களுக்கு வைஸ் சிட்டி பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில்தான் அறிமுகமானது. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், பின்புறம் பெருத்த மானிட்டர்களுக்கு முன்னால், கீபோர்டின் ஓரத்தில் சீட் கோடுகள் (குறுக்குவழிக் குறியீடுகள்) எழுதிய துண்டுக் காகிதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு ஆடினோம். நாம் ஆடியது கணினி வடிவம். பிளேஸ்டேஷன் 2 கேம் கருவியில் 2002இல் வெளியான மூலத்தில் திரை முழுவதும் படர்ந்திருந்த வண்ணப் பூச்சும், ஓடும் காரின் பின்னால் ஒளி இழுபடும் தன்மையும் கணினிக்கு வந்தபோதே ஓரளவு மங்கிவிட்டன. ஆகவே என் நினைவில் உள்ள வைஸ் சிட்டியும் ஒரு வகையில் இரண்டாம் பிரதிதான். ஆனாலும் அந்தப் பிரதியில் ஊர் உயிரோடு இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

மூன்றில் மிகுதியாக இழந்தது சான் ஆண்ட்ரியாஸ். எனவே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அந்தக் கேமின் மொத்த உலகமும், கடலையும் சேர்த்து, பக்கத்துக்கு 6 கிலோமீட்டர் கொண்ட ஒரு சதுரம். ஏறக்குறைய திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முதுநகர் போகும் தொலைவு. அதற்குள் மூன்று பெருநகரங்கள், ஒரு பாலைவனம், காடு, வயல், மலை எல்லாம் அடங்கியிருந்தன. பிளேஸ்டேஷன் 2இன் முதன்மை நினைவகம் 32 எம்பி மட்டுமே. வண்டி ஓட ஓட, முன்னால் வரப்போகும் தெருவை டிவிடியிலிருந்து படித்துக்கொண்டே, பின்னால் விட்ட தெருவை நினைவகத்திலிருந்து அழித்துக்கொண்டே அந்தக் கேம் இயங்கியது. தொலைவில் இருப்பதை முழுமையாக வரைந்து காட்ட வழியே இல்லை. அந்த இல்லாமையை மறைக்கத்தான் அடிவானத்தில் ஒரு மூட்டத்தைப் பரப்பினார்கள். சிலியாட் மலையுச்சியில் நின்று பார்த்தால் சரிவும் காடும் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் வெளிறிய காற்றில் கரைந்துவிடும். கேமின் பெருநகரங்களில் ஒன்றான லாஸ் சாண்டோஸ் எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

2021இல் வந்த வடிவம் அந்த மூட்டத்தை நீக்கியது. புதிய கருவிகளுக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே மலையுச்சியிலிருந்து, பெரும் பயணங்களாக நாம் நம்பிய இடங்களெல்லாம் கைக்கெட்டும் தொலைவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. விமானத்தில் ஏறினால் இன்னும் மோசம். ஒரு மாநிலம் என்று நினைத்தது மேசை மேல் வைத்த மாதிரி வடிவம்போலத் தெரிந்தது.

பழைய மூட்டம் வெறும் கருவிக் குறைபாடு, அதை நீக்கியதில் தவறென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பழைய கணினி வடிவத்தின் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். வானிலைக்கு ஏற்பவும் நாளின் பொழுதுக்கு ஏற்பவும் வானத்தின் நிறம், வெயிலின் நிறம், மூட்டம் தொடங்கும் தொலைவு ஆகியவற்றை எண்களாக வரிவரியாக எழுதி வைத்த ஒரு கோப்பு அதில் இருக்கிறது. வானிலைகளும் பொதுவானவை அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸை மாதிரியாகக் கொண்ட நகரத்துக்கு மாசுப்புகை படிந்த வெயில், சான் பிரான்சிஸ்கோவை மாதிரியாகக் கொண்ட நகரத்துக்குக் கடல்பனி, பாலைவனத்துக்கு மணற்புயல். கருவியின் போதாமை அவர்கள்மேல் ஒரு திரையைத் திணித்தது. அவர்கள் அந்தத் திரைக்கு ஊருக்கு ஒரு நிறம் தீட்டினார்கள். கதை நடக்கும் 1992ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு நிறப் புழுக்கம் அங்கிருந்துதான் வந்தது. மறுஆக்கம் செய்தவர்கள் போதாமையை நீக்கும்போது அந்தத் தீட்டலையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். இந்தத் தொகுப்பின்மேல் எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்.

இது வயதானவர்களின் ஏக்கம் மட்டுமே என்று தள்ளிவிடவும் முடியாது. பள்ளியில் படிக்கும் என் அக்கா மகன் பழைய கேம்களைப் பார்த்ததே இல்லை. அவனிடம் முதலில் புதிய ஒளியமைப்போடு கொடுத்தேன். நல்ல வண்டியைத் தேடிப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு அமைப்புகளில் கிளாசிக் லைட்டிங்கை இயக்கிக் கொடுத்தேன். மாலை நேரத்தில் நெடுஞ்சாலையில் போனவன், பாலத்துக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த கரையைக் காட்டி, "மாமா, அந்தப் பக்கம் என்ன ஊரு? போலாமா?" என்று கேட்டான். முன்பு ஓட்டியபோது அந்தக் கேள்வி அவனுக்கு எழவில்லை.

மூட்டத்துக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது ஒளி. பழைய கேமில் கட்டடங்களின் நிழலை எஞ்சின் உடனுக்குடன் கணக்கிடவில்லை. கலைஞர்கள் சுவரின் மீதே நிழலைத் தீட்டி வைத்தார்கள், பகலுக்கு ஒரு தீட்டல், இரவுக்கு ஒரு தீட்டல் என்று. ஒரு சந்தின் மூலை இருண்டிருக்கிறது என்றால், அது இருண்டிருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். புதிய எஞ்சின் உண்மையான ஒளியைப் பாய்ச்சும்போது அந்த முடிவுகள் பொருளிழந்து போகின்றன. முகங்களுக்கும் இதே கதிதான். சில கோடுகளாலும் ஒரு நிழலாலும் ஆன பழைய முகத்தில் மீதியை நம் மனம் நிரப்பிக்கொண்டது; அதையே மழுமழுப்பாக்கி ஒளியூட்டியபோது பிளாஸ்டிக் பொம்மை வந்து நின்றது.

மறுஆக்கத்தில் அக்கறை எந்த அளவுக்கு இருந்தது என்பதை ஒரே ஒரு பெயர்ப்பலகை காட்டிவிடும். 'டஃப் நட்' என்ற டோனட் கடையின் மேல், டோனட்டுக்குப் பதிலாக அறுகோண இரும்பு நட்டு ஒன்று பெரிதாக நிற்கும். கடையின் பெயரே அதை வைத்துத்தான். 2021 வடிவத்தில் எல்லா முனைகளையும் உருண்டையாக்கும் வேகத்தில் அந்த நட்டின் முனைகளும் மழுங்கி, வெறும் வளையமாகிவிட்டது. பலகையை ஒரு கணம் நின்று படித்தவர் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்து நகர்மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்து, மீண்டும் எழுப்பப்பட்டு, இந்தத் தொகுப்பு வெளியான அதே 2021இல்தான் திறக்கப்பட்டது. சுவர் புதியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தூண்களின் இடைவெளியும் வளைவுகளின் அளவும் பழைய கணக்கிலேயே இருப்பதால், கடல் பக்கம் திரும்பி நிற்கும் அந்த முகப்பைப் பார்ப்பவருக்கு அது பழைய மேரியாகவே தெரிகிறது. மறுஆக்கத்தில் பொருள் மாறலாம், அளவுகளைத் தொடக்கூடாது. சான் ஆண்ட்ரியாஸில் அடிவானத்தின் தொலைவும் ஓர் அளவுதான்.

வசதிகளும் சூழலைப் பாதித்திருக்கின்றன. பழைய கேமில் போகவேண்டிய இடம் ரேடாரில் ஒரு புள்ளியாக மட்டும் தெரியும். வழியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். மேம்பாலம், பெட்ரோல் பங்க், சுவரோவியம் என்று அடையாளங்களை வைத்தே ஊரைக் கற்றோம். புதியதில் வண்ணக் கோடு வழியைக் காட்டுகிறது. கண் சாலையை விட்டு ரேடாருக்குப் போய்விடுகிறது. பார்க்காத ஊர் எப்படி மனத்தில் பதியும்? தோற்ற மிஷனை உடனே மறுபடி தொடங்கும் வசதியையும், துப்பாக்கியைக் குறிபார்ப்பதில் வந்த மேம்பாட்டையும் மட்டும் மனமார வரவேற்கிறேன். பழைய வடிவத்தின் குறிபார்க்கும் முறை அந்தக் காலத்திலேயே தொல்லையாகத்தான் இருந்தது. பாடல்களில் உரிமம் முடிந்தவை போய்விட்டன; வைஸ் சிட்டியின் வானொலியில் மைக்கேல் ஜாக்சனின் குரல் இல்லை. அதன் கதை நடக்கும் 1986இன் இரவில் அது சிறிய இழப்பு அன்று.

இந்த இழப்பு ஜிடிஏவுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. மூட்டத்தாலேயே பெயர்பெற்ற சைலன்ட் ஹில் தொடரின் இரண்டு கேம்களை 2012இல் எச்டி வடிவமாக வெளியிட்டபோது, இறுதி மூலநிரல் பாதுகாக்கப்படாததால் முற்றுப்பெறாத நிரலை வைத்தே வேலை நடந்தது. மூட்டம் மெலிந்து, மறைந்திருக்க வேண்டிய ஓரங்கள் வெளியே தெரிந்தன. அதே தொடரின் இரண்டாம் பாகத்தை 2024இல் புளூபர் டீம் முழுதாகப் புதிதாகச் செய்தபோது மூட்டத்துக்கே முதலிடம் கொடுத்தது. கருவி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் எதை மறைப்பது என்ற கேள்வியை விடாமல் கேட்டிருக்கிறார்கள் என்பது ஆடும்போதே புரிகிறது. ஆகவே மறுஆக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், ஏற்கெனவே பழைய கணினி வடிவம் கையில் இருப்பவர்கள் இதை வாங்கத் தேவையில்லை. பிளேஸ்டேஷன் 2இன் வண்ணங்களைத் திருப்பித் தரும் ரசிகர்களின் மாட்கள் (கேமை மாற்றியமைக்கும் கோப்புகள்) இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். முதன்முறையாக ஆடப்போகிறவர்கள் தள்ளுபடி வரும்போது வாங்கலாம். வைஸ் சிட்டியின் நியான் இரவுகள் புதிய எஞ்சினிலும் ஓரளவு தாக்குப்பிடித்திருப்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. எந்தக் கேமானாலும் முதல் மிஷனுக்கு முன்பே அமைப்புகளுக்குப் போய்க் கிளாசிக் லைட்டிங்கை இயக்கிவிடுங்கள். மிஷன் இல்லாத நேரத்தில் வரைபடத்தில் குறி வைக்காமல் வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஜிடிஏ 3ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அதன் சாம்பல் நிற மழையை ரசிப்பதற்கு மற்ற இரண்டையும் ஆடி முடித்த பொறுமை வேண்டும்.