நான்கு வருடம் சைட்டில்: டோட்டல் ஸ்டேஷன், ரோவர், ஏஆர் டேப்லெட்

பெரும்பாக்கம் பக்கம் இரண்டு பேஸ்மென்ட், மேலே எட்டு மாடி என்று ஒரு வேலை. முதல் பைல் (நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) பாயின்ட் குறித்த நாளிலிருந்து சைட் இன்ஜினியராக அங்கேதான் இருக்கிறேன். நான்கு வருடம் ஆகிறது. கோணமும் தூரமும் அளக்கும் 5 செகண்ட் டோட்டல் ஸ்டேஷன் (இந்த செகண்ட் நேரமல்ல, ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு), செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் ஆர்டிகே ரோவர், லேசரால் தூரம் அளக்கும் லைடார் உள்ள ஒரு டேப்லெட், இந்த மூன்றும் கூடவே இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஏஆர், அதாவது கேமராக் காட்சியின் மேல் கட்டடத்தின் மாடலைப் பொருத்திக் காட்டும் வசதி, அதைப் பற்றித்தான். டேப்லெட்டை நீட்டினால் தூண் வரப்போகும் இடம் தெரியுமாமே, அப்புறம் சர்வேயர் எதற்கு என்கிறார்கள். தெரியும், சரி. ஆனால் அதை நம்பி ஆணி அடிக்க முடியாது.

டோட்டல் ஸ்டேஷனில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 5 செகண்ட் கருவி 100 மீட்டரில் விடும் பக்கவாட்டுப் பிழை சுமார் 2.4 மில்லிமீட்டர், தூண் மார்க்கிங்குக்குத் தாராளம். மறக்கக் கூடாதது வெப்பநிலை. ஒரு டிகிரி கூடினால் தூரத்தில் ஏறக்குறைய 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மாறும். காலை 27 டிகிரிக்குப் போட்ட செட்டிங்கை மதியம் 38-இலும் அப்படியே விட்டால், 200 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். இந்தப் பகுதிக்கு இந்தக் கவலை பழையது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, சுமார் 12 கிலோமீட்டர், 100 அடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதற்காக வெப்பமானிகளையும் கூடவே வைத்திருந்தார். இந்தியாவை அளந்த பெரிய முக்கோண அளவை தொடங்கியது அந்தக் கோட்டில்தான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் எங்கள் எட்டாவது மாடியிலிருந்து பரங்கிமலையைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ரோவரின் பலம் வேகம். சர்வே ஆஃப் இந்தியாவின் கார்ஸ் என்ற நிரந்தர செயற்கைக்கோள் நிலையங்களிலிருந்து திருத்தம் வருவதால், அதை அனுப்பச் சொந்தமாக ஒரு பேஸ் கருவி வைக்க வேண்டியதில்லை. எல்லைக் கற்கள், மண் தோண்டிய அளவு எல்லாம் ஒரே ஆள் முடித்துவிடலாம். ஆனால் திரையில் ‘ஃபிக்ஸ்’, அதாவது இடம் உறுதி, என்று வந்திருக்க வேண்டும். பக்கத்து உயரக் கட்டடத்தின் ஓரத்தில் எங்கள் பையன் இன்னும் உறுதியாகாத ‘ஃப்ளோட்’ நிலையிலேயே ஒரு பைல் பாயின்ட்டைக் குறித்துவிட்டான். துளையிடும் ரிக் வருவதற்கு முன் டோட்டல் ஸ்டேஷனில் சரிபார்த்தபோது 40 சென்டிமீட்டர் தள்ளியிருந்தது. உயரத்திலும் ஒரு சங்கதி உண்டு. முதல் நாள் ரோவர் எங்கள் தரையை மைனஸ் 80 மீட்டர் வாக்கில் காட்டியதும் எல்லோரும் பதறிவிட்டோம். கருவி பழுதில்லை. செயற்கைக்கோள் கணக்கிடுவது ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து. தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு வெகு கீழே இருக்கிறது. அதற்கான திருத்தம் போடாமல் லெவல் எடுக்கக் கூடாது. கான்கிரீட் லெவலுக்கு நான் இன்றும் டிபிஎம்மிலிருந்து (உயரம் தெரிந்த தற்காலிகக் குறி) ஆட்டோ லெவல் கருவிதான் பிடிக்கிறேன்.

இனி டேப்லெட். தூணில் ஒட்டிய ஒரு குறியை ஸ்கேன் செய்தால் மாடல் வந்து இடத்தில் உட்காரும். அங்கிருந்து இருபது மீட்டர் நடந்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கேமரா சுற்றியிருக்கும் அடையாளங்களைப் பார்த்துத்தான் தன் இடத்தைக் கணிக்கிறது. வெறும் கான்கிரீட் தரையிலும் பேஸ்மென்ட் இருட்டிலும் பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் பத்து மீட்டருக்கு ஒரு குறி ஒட்டினோம். ஒவ்வொன்றின் அளவையும் டோட்டல் ஸ்டேஷன்தான் கொடுத்தது. உச்சி வெயிலில் திரை தெரியாது, சூடேறி அணைந்தும் போகும். ஏஆர் பார்ப்பது காலை எட்டுக்குள், இல்லாவிட்டால் மாலையில்.

இவ்வளவு தொல்லையிருந்தும் அதை நான் விடாததற்குக் காரணம் ஒரு சாயங்காலம். மறுநாள் மண்ணைத் தாங்கும் ரீடெய்னிங் சுவருக்குக் கான்கிரீட். கம்பி கட்டும் மேஸ்திரியிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். கட்டி முடித்த கம்பிகளின் மேல் நீலமாகக் குழாய்கள் தெரிந்தன. ஒரு நிமிடம் பார்த்தவர், “சார், இந்த பைப்பு பீமுக்குள்ளயே போகுது பாருங்க” என்றார். கீழ்க் கம்பிகளை வெட்டிக்கொண்டுதான் குழாய் நுழைய வைக்கும் அந்த 150 மில்லிமீட்டர் ஸ்லீவ் போக முடியும். பிளம்பிங் டிராயிங் திருத்தப்பட்டிருந்தது, ஸ்ட்ரக்சுரல் பழையதாகவே இருந்தது. நானும் அந்த இரண்டு தாள்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. டிராயிங் படிக்கத் தெரியாத மனிதர் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தார். சுவரை ஊற்றியிருந்தால் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங், நீர்க்கசிவு என்று வருடக்கணக்கில் இழுத்திருக்கும்.

பழைய மாடலை ஏற்றினால் அதையும் இதே தெளிவோடு காட்டும் என்பதால், மாடலின் திருத்த எண்ணைத் திரையின் மூலையில் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறோம். தலையில் மாட்டும் கண்ணாடிகளுக்கு நான் போகவில்லை. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பே 2024-இல் நின்றுபோனது. அந்தப் பணத்துக்கு டோட்டல் ஸ்டேஷனுக்கு நல்ல ப்ரிஸமும் (அதன் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) ஒழுங்கான காலிபரேஷனும் வாங்கலாம்.

இப்போது கான்கிரீட்டுக்கு முந்தின மாலை மேஸ்திரியே வந்து டேப்லெட்டைக் கேட்கிறார். பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரையும் கையோடு அழைத்து வருகிறார்.