சென்ட்ரல் மெட்ரோ: கட்டுமானம் அருமை, நடைதான் நீளம்

சென்னை சென்ட்ரலில் வெளியூர் ரயிலைப் பிடிக்க மெட்ரோவில் வருகிறவர்கள் பலர், மெட்ரோ வந்து நின்ற நேரத்தையே சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்த நேரமாகக் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. மெட்ரோ நிலையம் ஏறத்தாழ 28 மீட்டர் ஆழம். நடைமேடையிலிருந்து டிக்கெட் வாயில்கள் உள்ள தளம், பிறகு சுரங்க நடைபாதை, மறுபடி ஏற்றம், அதற்கப்புறம் சென்ட்ரலின் நீண்ட பிளாட்பாரம். பெட்டியும் குழந்தையுமாக வந்தால், மெட்ரோவை விட்டு இறங்கியபின் 30 நிமிடமாவது கையில் இருக்க வேண்டும்.

வாயிலைத் தாண்டியதும் பலகையைப் பார்த்துவிட்டு நடங்கள். சென்ட்ரலும் ரிப்பன் மாளிகையும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே. பூங்கா ரயில் நிலையமும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் தெற்கே. பக்கம் மாறி மேலே ஏறிவிட்டால் அந்தச் சாலையைக் கடப்பது பெரும்பாடு.

பச்சைத் தடம் 2018 மே மாதத்திலும், நீலத் தடம் 2019 பிப்ரவரியிலும் இங்கே வந்தன. இரண்டும் வெவ்வேறு ஆழத்தில் ஓடுகின்றன. தடம் மாற வெளியே வரத் தேவையில்லை, தளம் மாறினால் போதும். விமான நிலையத்துக்கு அண்ணா சாலை வழியாகப் போகும் நீலத் தடமே நேர்வழி. பச்சையில் ஏறினால் கோயம்பேட்டைச் சுற்றி ஆலந்தூர் வழியாகப் போக வேண்டியிருக்கும். எழும்பூருக்கோ கோயம்பேட்டுக்கோ என்றால் பச்சைதான்.

இந்த நிலையத்தில் கவனிக்க வேண்டியவை, நடைமேடை ஓரத்தில் நிற்கும் கண்ணாடிக் கதவுகள். ஆள் தண்டவாளத்தில் விழாமல் காப்பது ஒன்று. இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: சுரங்கத்தில் ரயில் வரும்போது பிஸ்டன் போலக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், அந்த வெக்கையும் தூசியும் உள்ளே புகாமல், குளிரூட்டிய காற்றும் சுரங்கத்துக்குள் வீணாகாமல் இந்தக் கதவுகள் தடுக்கின்றன. ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் ரயில் கிளம்பாது. மூடும் ஒலி கேட்டபின் பையை நீட்டித் தடுப்பவர், ரயிலில் இருக்கும் அத்தனை பேரையும் காக்க வைக்கிறார்.

நுழைவாயிலில் முதலில் சில படிகள் ஏறி, பிறகு இறங்குவதைக் கண்டு சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். மழைவெள்ளம் உள்ளே இறங்காமலிருக்க வாயிலை உயர்த்தியிருக்கிறார்கள். சென்னை மழைக்கு அது வேண்டியதுதான்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத்தான் சிரமம். சாலையிலிருந்து ஒரே லிஃப்டில் நடைமேடைக்குப் போக முடியாது. நடுவே பாதுகாப்புச் சோதனையும் டிக்கெட் வாயிலும் இருப்பதால், சாலையிலிருந்து ஒன்று, வாயிலுக்கு உள்ளே இன்னொன்று என்று மாற வேண்டும். இரண்டாவது லிஃப்ட் எங்கே என்று சோதனை இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இவ்வளவு பெரிய நிலையத்தில், அதற்கு வழிகாட்டத் தரையிலேயே ஒரு வண்ணக்கோடு போட்டிருக்கலாம்.

கைப்பேசியில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால், வெளியேறும்போதும் அதையே காட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சார்ஜ் குறைவாக இருந்தால் காகித டிக்கெட்டோ கார்டோ நல்லது. ஸ்கேனர் படிக்காவிட்டால் திரை வெளிச்சத்தைக் கூட்டி, கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்டாமல் சற்றே தூக்கிப் பிடியுங்கள். கீறல் விழுந்த திரைக் காப்பு இருந்தால் இதுவும் உதவாது. ஊழியரிடம் காட்டி வெளியேற வேண்டியதுதான்.