கல்லறைக் கல் வெட்டும் பட்டறை: எழுத்து அருமை, கல் பதிக்கும் வேலை சுமார்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ரோட்டில் இருக்கிறது இந்தப் பட்டறை. ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கரையேற்றிய அப்பாவுக்குக் கல் வைக்க நினைப்பவர்கள் இங்கே தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம். கல்லைப் பதிக்கும் வேலையை மட்டும் இவர்களிடம் விடாதீர்கள்.

போனதும் மாதிரி ஆல்பத்தை நீட்டுவதில்லை. "என்ன தொழில் பார்த்தாங்க? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்கிறார்கள். ‘அன்பான கணவர், பாசமிகு தந்தை’ எல்லாக் கல்லிலும் இருப்பதுதான். அதோடு அவருக்கே உரிய ஒரு வரியையும் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். படகின் போட்டோவைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பாய்மரக் கப்பல். வத்தையில், அதாவது சின்ன நாட்டுப் படகில் போனவருக்குக் கப்பல் வெட்டினால் ஊரே சிரிக்கும்.

கறுப்பு கிரானைட், 20 மி.மீ. கனம் கேளுங்கள். 3க்கு 2 அடிக் கல் சுமார் 30 கிலோ வரும். மார்பிள் வேண்டாம், உப்புக்காற்றில் பளபளப்பு போய்ச் சொரசொரத்துவிடும்.

லேசரில் முகம் அச்சாக விழும், ஆனால் மேலோட்டமான கீறல். வெளியில் நாளாக ஆக மங்கும். பெயருக்கும் தேதிக்கும் சாண்ட் பிளாஸ்ட்தான்: எழுத்து வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, வேகமாக மணல் அடித்துக் குழிப்பது. 2 மி.மீ. ஆழமாவது வேண்டும். பெயர் 2 அங்குல உயரம், மற்ற வரிகள் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால், சுழிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் துணுக்கு மணல் வேகத்தில் பிய்ந்து, ண-வும் ன-வும் ஒரே குழியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியை ஸ்டிக்கரிலிருந்து உரிக்க மறந்தால் கல்லில் புள்ளியே விழாது. அதனால் மணல் அடிக்கும் முன் கல்லில் ஒட்டிய ஸ்டிக்கரையே நேரில் போய்ப் படியுங்கள். வாட்ஸப்பில் வரும் புரூஃப் போதாது. எழுத்துக்கு வெள்ளைப் பெயின்ட் நல்லது. பொன் நிறம் பார்க்க ஜோராக இருக்கும், சீக்கிரம் கறுக்கும்.

போட்டோவைச் சூளையில் சுட்ட பீங்கான் தகடாகச் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் வைத்த பிரிண்ட் வெயிலில் வெளுத்து, ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

கல் பதிப்பதில்தான் சொதப்பல். கல்லைப் பிடித்து நிறுத்த இவர்கள் ஆட்கள் போடுவது இரும்பு கிளாம்ப். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று இது. கிளாம்ப் துருவேறி உப்பி, கல்லை ஓரத்தில் பிளந்துவிடும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் பின்னை நீங்களே வாங்கிக் கொடுங்கள். 304 இந்தக் கரையில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். பக்கத்தில் கிடக்கிறதே என்று கடல் மணலைக் குழைத்தால் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும்; எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்த மணல்) நல்ல தண்ணீரும்தான் வேண்டும். மணல் தரை இறங்கும். ஒரு அடி தோண்டிக் கெட்டித்து, 4 அங்குல கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகு கல்லை நிறுத்துங்கள். உள்ளூர்க் கொத்தனாரே போதும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். அக்டோபரில் பட்டறையில் கூட்டம். மழை பிடித்துவிட்டால் சிமென்ட் வேலையும் நிற்கும். முன்பணம் கொடுக்கும்போதே கல்லின் கனம், எழுத்தின் ஆழம், பெயின்ட் நிறம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.